சிங்கப்பூரின் போர்க்காலத் தடங்கள்: எந்த இடத்துக்கு வழிகாட்டி வேண்டும், எதற்கு வேண்டாம்?

சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்காவில், மர நிழலில், இந்திய தேசிய ராணுவத்துக்கான நினைவுக் குறியீடு ஒன்று இருக்கிறது. முதல் தடவை போனபோது அதைத் தாண்டி நடந்துவிட்டேன். ஒரு கல், கொஞ்சம் எழுத்து, சுற்றிலும் வெட்டிவிட்ட புல். இரண்டாவது தடவை ஒரு வழிகாட்டியோடு போனேன். அவர் அந்த இடத்தில் நின்று ஐந்து நிமிடம்தான் பேசியிருப்பார். 1945 ஜூலை 8 அன்று நேதாஜி இங்கே ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார், செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை மவுண்ட்பேட்டனின் உத்தரவுப்படி அதைத் தகர்த்தது, ஐம்பது ஆண்டு கழித்து 1995ல்தான் இந்தக் குறியீடு வந்தது என்று சொன்னார். அதே புல்தான், அதே கல்தான். ஆனால் அதற்கு மேல் என்னால் சட்டென்று நகர முடியவில்லை.

அன்றிலிருந்து ஊரிலிருந்து யார் சிங்கப்பூர் போனாலும், “போர் நடந்த இடங்களை நடந்து பார்க்க எந்தச் சுற்றுலாவை எடுக்கலாம்?” என்று என்னைக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஏகப்பட்ட இடங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுலா. எல்லாவற்றையும் பார்க்க மூன்று நாள் வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள். அதனால் நான் பயன்படுத்தும் அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி என்ன மிச்சம் இருக்கிறது? மிச்சம் குறைவாக உள்ள இடத்துக்குத்தான் நல்ல வழிகாட்டி வேண்டும். நிறைய மிச்சம் இருக்கும் இடத்தில் அவர் இல்லாமலே சமாளிக்கலாம், சில இடங்களில் அவர் இல்லாமல் இருப்பதே நல்லது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குக் காசு கொடுத்து வழிகாட்டியை அழைத்துப் போய்விட்டு, பாடாங் திடலைப் பேருந்து சன்னலில் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள்.

எனக்கும் அது நடந்தது. “போர்க்கால நடை” என்று போட்டிருந்த ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். நான்கு மணி நேரத்தில் நடந்தது மொத்தம் முக்கால் மணி நேரம் இருக்கும். மீதி முழுக்கக் குளிரூட்டிய பேருந்து. தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே காலையில் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், நடை என்ற சொல்லை நம்பாமல் எத்தனை இடத்தில் இறங்குவோம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் என்று கேட்டுவிடுங்கள்.

நகர மையம்: வழிகாட்டி கட்டாயம்

ஒரே ஒரு நடைதான் முடியும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். விக்டோரியா மண்டபம், எஸ்பிளனேட் பூங்கா, பாடாங், பழைய நகராட்சி மன்றக் கட்டடம், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், பொதுமக்கள் போர் நினைவுச் சின்னம். எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. இரண்டரை மணி நேரத்தில் நிதானமாக முடித்துவிடலாம். ஆனால் வெளித்தோற்றத்தில் போர் என்று சொல்ல இங்கே அநேகமாக எதுவும் கிடையாது. திடலில் கிரிக்கெட் ஆடுவார்கள், பூங்காவில் ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

பாடாங்கையே எடுத்துக்கொள்வோம். 1942 பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷார் கையில் இருந்த சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. சீனப் புத்தாண்டின் முதல் நாள் அது. இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, ஐரோப்பியக் குடிமக்களை இந்தத் திடலில் கூட்டி நிறுத்தி, அங்கிருந்து கிழக்கே நடத்திக்கொண்டு போனார்கள். கடைசியில் அவர்கள் போய்ச் சேர்ந்தது சாங்கிச் சிறை. அதே 17ஆம் தேதி, சிராங்கூன் சாலைப் பக்கம் ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்களைத் தனியாகக் கூட்டினார்கள். கிட்டத்தட்ட 45 ஆயிரம் பேர். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார், கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் சேர்ந்தது அங்கிருந்துதான். ஒரே நாளில், தோலின் நிறம் பார்த்து மனிதர்கள் இரண்டு திடல்களில் தனித்தனியாகக் கூட்டப்பட்டார்கள். பாடாங்கின் நடுவில் நின்றுகொண்டு இதைக் கேட்க வேண்டும். அங்கே எழுதி வைத்த எந்தப் பலகையும் இந்த இரண்டு திடல்களையும் இப்படிச் சேர்த்துச் சொல்லாது.

அப்புறம் நகராட்சி மன்றத்தின் படிக்கட்டு. இன்று அது தேசியக் கலைக்கூடம். 1943 ஜூலை 5 அன்று அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று நேதாஜி படையைப் பார்வையிட்டார். “டெல்லி சலோ” முழக்கம் எழுந்தது அங்கேதான். இரண்டு ஆண்டு கழித்து, 1945 செப்டம்பர் 12 அன்று, அதே கட்டடத்துக்குள் தென்கிழக்காசியாவின் ஜப்பானியப் படைகள் மவுண்ட்பேட்டனிடம் சரணடைந்தன. பிற்பாடு 1959ல் லீ குவான் இயூ பிரதமராகப் பதவி ஏற்றதும் அங்கேதான். நல்ல வழிகாட்டி உங்களைப் படியில் உட்கார வைத்து, திடலைப் பார்த்தபடி இந்த மூன்று காட்சியையும் சொல்வார். சுமாரான வழிகாட்டி கடைசி இரண்டை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

முதல் உலகப் போரும் இந்த நடையில் வந்துவிடுகிறது, நம்மில் பலருக்குத் தெரியாத கதையோடு. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்தார்கள். அடக்கியபின் 47 பேரை ஊட்ரம் சாலைச் சிறைச் சுவருக்கு வெளியே, பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். கிளர்ச்சியில் இறந்த மற்ற தரப்பாருக்கு விக்டோரியா மண்டபத்திலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திலும் பெயர்ப்பலகை உண்டு. அந்தச் சிப்பாய்கள் டாங்ளின் முகாமில் காவல் காத்த ஜெர்மன் கைதிகளில் எம்டன் கப்பலைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆமாம், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன். “அவன் சரியான எம்டன்” என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் ஒரு முனை சென்னை உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கிறது, இன்னொரு முனை டாங்ளினில். இதை ஒரு தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிற வழிகாட்டி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நடை முடியும் இடம் பொதுமக்கள் போர் நினைவுச் சின்னமாக இருந்தால் நல்லது. 1967 பிப்ரவரி 15 அன்று திறந்தது. ஏறத்தாழ 68 மீட்டர் உயரத்துக்கு நான்கு தூண்கள், நான்கு இனத்தவருக்கு ஒவ்வொன்றாக, அடியில் சேர்ந்து நிற்கின்றன. பீடத்தில் தமிழிலும் எழுத்து இருக்கிறது. அதன் கீழே, சுக் சிங் என்று சொல்லப்படும் படுகொலையில் இறந்தவர்களின் எலும்புகள் தாழிகளில் புதைக்கப்பட்டுள்ளன. 1942 பிப்ரவரி, மார்ச்சில் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கி எடுத்துக் கொன்றார்கள். ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது ஐந்தாறாயிரம். மற்றக் கணக்குகள் 25 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் வரை போகின்றன. இந்த இரண்டு எண்களையும் சொல்லி, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று விளக்குகிறவரா, ஒரு எண்ணை மட்டும் அடித்துச் சொல்கிறவரா என்பதை வைத்தே வழிகாட்டியின் தரம் எனக்குத் தெரிந்துவிடும்.

ஃபோர்ட் கேனிங்: பாதிப் பாதி

மலை மேல் இருக்கும் பேட்டில்பாக்ஸ், தரைக்கு ஒன்பது மீட்டர் கீழே கட்டிய கட்டளை மையம். 1942 பிப்ரவரி 15 காலையில் பிரிட்டிஷ் தரப்புத் தலைமைத் தளபதி ஜெனரல் பெர்சிவல் தன் தளபதிகளோடு உட்கார்ந்து, எதிர்த்துத் தாக்குவதா சரணடைவதா என்று பேசியது இங்கேதான். குழாய்கள் உடைந்து நகரத்துக்குத் தண்ணீர் நின்றுபோகும் நிலை. எதிரே ஜப்பானியத் தளபதி யமாஷிதாவின் படை எண்ணிக்கையில் சிறியது, அவர்களிடமும் குண்டு தீர்ந்துகொண்டிருந்தது. அது பெர்சிவலுக்குத் தெரியாது.

இங்கே அறைகள் அப்படியே இருக்கின்றன, காட்சிப் பலகைகளும் இருக்கின்றன. அதனால் நீங்களே படித்துக்கொண்டு போகலாம். ஆனாலும் வழிகாட்டி இருந்தால் ஒரு லாபம்: சரணடைந்தது சரியா தப்பா என்ற வாதத்தை அந்த அறையிலேயே நின்று நடத்தலாம். என்னோடு வந்த ஒரு பெரியவரும் ஒரு கல்லூரி மாணவியும் அங்கே வைத்து வாதாடிக்கொண்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த வாதம் இல்லாமல் பார்த்தால் அது வெறும் குறுகலான அறைகளின் வரிசைதான்.

படிக்கட்டு உண்டு, அடைப்பான இடம். மூட்டுவலி உள்ளவர்களும், மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்களும் யோசித்துக்கொள்ளுங்கள். நகர மைய நடையோடு இதையும் சேர்த்துத் தருகிற சுற்றுலாக்கள் உண்டு. சேர்த்து எடுப்பதாக இருந்தால் வெளி நடை காலையிலும், நிலவறை வெயில் ஏறிய பிறகும் வருகிறமாதிரி அமைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

கீழே இறங்கினால் கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு. சரணடைந்ததற்கு அடையாளமாக ஜப்பானியக் கொடியை ஏற்றச் சொன்னது அதன் உச்சியில். 1943 அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டதும் அதே கட்டடத்துத் திரையரங்கில். அதற்கு மறுநாள் வாட்டர்லூ தெருவில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைமை ஏற்றவர் சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால்வெட்டிக்கொண்டிருந்த கையில் துப்பாக்கி வந்தது. ஃபோர்ட் கேனிங் சுற்றுலாவைப் பதிவு செய்யும் முன், வாட்டர்லூ தெரு வழியாகப் போவீர்களா என்று கேளுங்கள். பத்து நிமிட நடைதான் கூடுதல். மறுக்கிறவரைவிட, “போகலாமே” என்கிறவர் மேல்.

மேற்கு: ஃபோர்டு ஆலையும் புக்கிட் சண்டுவும்

புக்கிட் தீமாவில் உள்ள பழைய ஃபோர்டு கார் ஆலையில்தான் 15ஆம் தேதி மாலை பெர்சிவல் கையெழுத்துப் போட்டார். இப்போது தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் காட்சியகம். கண்காட்சி தெளிவாக, ஒழுங்காக இருக்கிறது. வாழைமரம் போட்ட ஜப்பானிய நோட்டு, மரவள்ளிக் கிழங்கு தின்று பிழைத்த கதை, வாய்மொழிப் பதிவுகள் எல்லாம் உண்டு. “ஜப்பான்காரன் காலம்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு முழு மதியத்தை எடுத்துக்கொள்ளும். கையெழுத்தான அறையையும் பார்க்கலாம். அசல் மேசை ஆஸ்திரேலியாவில், கான்பராவில் இருக்கிறது.

2017 பிப்ரவரியில் இந்தக் காட்சியகத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது “சியோனான்” என்ற சொல்லைப் பெயரில் வைத்தார்கள். ஆக்கிரமிப்பின்போது ஜப்பானியர் தீவுக்கு இட்ட பெயர் அது. மக்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே பெயரை எடுத்துவிட்டார்கள். எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் ஒரு சொல் அவ்வளவு வலிக்கிறது என்றால், இந்த இடங்களுக்குச் சுற்றுலா என்ற மனநிலையோடு மட்டும் போகக் கூடாது என்று அப்போது தோன்றியது.

இங்கே வெளி வழிகாட்டியை அழைத்துப் போவது வீண் செலவு என்பேன். காட்சியகம் தன் கதையைத் தானே சொல்கிறது. நடக்கவும் இங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

பாசிர் பாஞ்சாங்கில் உள்ள புக்கிட் சண்டு வேறு மாதிரி. மலாய்ப் படைப்பிரிவு கடைசிவரை நின்று போரிட்ட குன்று. லெஃப்டினன்ட் அட்னான் சைடி இறந்தது பிப்ரவரி 14. ஜப்பானியர் தலைப்பாகை கட்டி, பஞ்சாபிச் சிப்பாய் வேடத்தில் ஏறி வந்ததாகவும், பிரிட்டிஷ் படை வழக்கப்படி மூன்று மூன்றாக நடக்க வேண்டியவர்கள் நான்கு நான்காக வருவதைப் பார்த்து அட்னான் கண்டுபிடித்ததாகவும் சொல்லப்படுகிறது. பழைய பங்களா ஒன்றில் சிறிய காட்சியகம். ஏற்றம் செங்குத்து. கென்ட் ரிட்ஜ் பூங்காவோடு சேர்த்து நிலத்தைப் படித்துக் காட்டுகிற ஒருவர் கூட வந்தால் போர் எப்படி நடந்தது என்பது காலுக்கே புரியும்: எங்கே மேடு, எங்கிருந்து துறைமுகம் தெரிகிறது, ஏன் இந்தக் குன்றை விட்டால் நகரம் போச்சு. போர்த்திட்டம், நில அமைப்பு இவற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. மற்றவர்களுக்கு இரண்டாம் வருகையில்.

செந்தோசாவின் சிலோசோ கோட்டையைக் குழந்தைகளோடு போகிறவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். பீரங்கி, சுரங்க வழி, கடல் காற்று. “பீரங்கிகளைக் கடல் பக்கம் திருப்பி வைத்ததால்தான் தோற்றார்கள்” என்று ஒரு கதை உலவுகிறது. பல பீரங்கிகளை நிலத்தின் பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். கப்பலைத் துளைக்கும் குண்டுதான் அதிகம் இருந்தது, தரைப்படைக்கு எதிராக அது அவ்வளவாக வேலைக்கு ஆகவில்லை. யாராவது பழைய கதையை அப்படியே சொன்னால் குழந்தைகளையே கேட்க விடுங்கள்.

சாங்கி

சாங்கிக்குத் தனியாக அரை நாள் வேண்டும், பேருந்தில் போக வேண்டும். 2021ல் புதுப்பித்துத் திறந்த சாங்கித் தேவாலயமும் அருங்காட்சியகமும் கைதிகளின் வாழ்க்கையைச் சொல்கின்றன. பீரங்கிக் குண்டின் பித்தளை உறையில் செய்த சிலுவை, பெண் கைதிகள் தைத்த போர்வைகளின் கதை. அமைதியான இடம். காட்சியமைப்பே போதும், வழிகாட்டி தேவையில்லை. பழைய சிறையின் வாசலும் சுவரின் ஒரு பகுதியும் மட்டுமே இப்போது மிச்சம், அவற்றை வெளியிலிருந்து பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. சாங்கியின் கதை பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளின் கதை. அவர்களில் பலர் இங்கிருந்து, சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர்களும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுச் செத்தார்கள். கைதிகளுக்கு ராணுவப் பதிவேடு இருந்தது, அதனால் பெயர் இருக்கிறது. தோட்டத்து ஆளுக்குப் பதிவேடு இல்லை. எத்தனை பேர் என்ற கணக்குக்கூட இன்றுவரை சரியாக இல்லை. “சயாமுக்குப் போனவர் திரும்பி வரலை” என்ற ஒரு வரிதான் பல குடும்பங்களில் மிச்சம். அப்படி ஒரு வரி உங்கள் வீட்டிலும் இருந்தால், சாங்கியில் நிற்கும்போது ஒரு வெற்றிடம் தெரியும். அதற்குத் தயாராகப் போங்கள்.

எந்த வகை வழிகாட்டி?

இடத்தை முடிவு செய்தபின் ஆளை முடிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பணம் வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்ட உரிமம் வேண்டும், சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் தருகிறது. அதைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள்.

இருபது முப்பது பேர் கூடும் பெருங்குழு நடை மலிவு. “இலவசம், கடைசியில் இஷ்டப்பட்டதைக் கொடுங்கள்” என்கிற வகையும் பெரும்பாலும் இதில் அடங்கும். நகரத்தை முதன்முதலில் பார்க்கிறவருக்குப் பரவாயில்லை. போர்க்கால இடங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சாலையோரத்தில் கடைசி ஆள் வந்து சேருவதற்குள் பேச்சு பாதி முடிந்துவிடும், கேள்வி கேட்க வாய்ப்பே இருக்காது. படுகொலையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பின்னால் யாரோ சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தால் மனசு கசந்துபோகும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் இருக்கும் சிறுகுழுதான் என் தேர்வு. மற்றவர் கேட்கும் கேள்வியிலிருந்து நாமும் கற்கிறோம். பல நாட்டுக்காரர்கள் கலந்திருந்தால் இன்னும் நல்லது. ஜப்பானியர் ஒருவர் இருந்த குழுவில் நான் நடந்திருக்கிறேன். நினைவுச் சின்னத்தின் முன் அவர் தலை தாழ்த்தி நின்ற நேரம் எல்லோரும் பேசாமல் காத்திருந்தோம்.

தனி வழிகாட்டி மணிக்கணக்கில் காசு. ஒருவராகவோ இருவராகவோ போனால் கை கடிக்கும். ஆனால் நான்கைந்து பேர் கொண்ட குடும்பமாக இருந்தால், தலைக்குப் பிரித்துப் பார்க்கும்போது சிறுகுழுவின் கட்டணத்துக்குப் பெரிய தூரமில்லாமல் வந்து நிற்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். வயதானவர்கள் கூட வந்தால் இதுதான் நல்லது: உட்கார வேண்டிய இடத்தில் உட்காரலாம், டாக்சி பிடிக்கலாம். தமிழில் பேசுகிறவரைக் கேட்டுப் பெறவும் இதில்தான் வழி. அம்மா அப்பாவுக்கு இந்தக் கதையைத் தமிழில் கேட்பதும், நாம் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துக் கொண்டிருப்பதும் ஒன்றல்ல. அப்பா நம்மைக் கேட்கத் தயங்கும் கேள்வியை அவரிடம் நேராகக் கேட்பார்.

எவரும் வேண்டாம், நாங்களே நடந்துகொள்கிறோம் என்பவர்களுக்குத் தேசிய மரபுடைமைக் கழகம் வெளியிட்ட இரண்டாம் உலகப் போர்த் தடக் கையேடு இருக்கிறது, இணையத்தில் இலவசம். அதை வைத்துக்கொண்டு ஃபேரர் பார்க், வாட்டர்லூ தெரு, ஆர்ச்சர்ட் சாலை முனையில் கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவக் காவல்படையின் சித்திரவதைக் கூடமாக இருந்த பழைய ஒய்எம்சிஏ நின்ற இடம் எல்லாம் போகலாம். அந்தப் பழைய கட்டடத்தை 1981ல் இடித்துவிட்டார்கள், இருப்பது புதியது. கையேட்டோடு போகிறவர்கள் முந்தின நாள் லிட்டில் இந்தியாவில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்துவிட்டால் பாதி வழிகாட்டி கிடைத்த மாதிரி.

பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரியைப் பாருங்கள். சரணடைந்த நாளான 15ஐ ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் அருங்காட்சியகங்கள் சேர்ந்து சிறப்பு நடைகள் நடத்துகின்றன. சாதாரண நாளில் போக முடியாத இடங்களுக்குக்கூடச் சில சமயம் அழைத்துப் போவார்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அறிவிப்பு வந்த அன்றே பதிந்துவிட வேண்டும். எந்த மாதமானாலும் காலை எட்டரை, ஒன்பதுக்குத் தொடங்குகிற நடையை எடுங்கள். மதியத்தில் புழுக்கம் தாங்காது, மழையும் வந்துவிடும்.

பதிவு செய்யும் முன் நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “இந்தியச் சிப்பாய்களைப் பற்றி எந்த இடத்தில் நிறுத்திப் பேசுவீர்கள்?” மலாயாப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் நின்றவர்களில் மிகப் பெரிய பகுதி இந்தியர். அவர்களைப் பற்றிப் பேச ஒரு நிறுத்தம்கூட இல்லாத சுற்றுலாவுக்கு நான் காசு கொடுப்பதில்லை.

கிராஞ்சிக்குத் தனியாகப் போங்கள்

அரை நாள் மட்டும் இருந்தால் நகர மையம், சிறுகுழுவோடு. பெற்றோர் கூட வந்தால் அதே நடை, தனி வழிகாட்டியோடு, பேட்டில்பாக்ஸைத் தவிர்த்து. ஒரு முழு நாள் இருந்தால் காலையில் நகர மையம், மாலையில் கிராஞ்சி. இந்த இரண்டுக்கும் இடையில் வேறு எதையும் திணிக்காதீர்கள். மதியம் ஓய்வெடுங்கள்.

கிராஞ்சி போர்க் கல்லறை தீவின் வடக்கே இருக்கிறது. பெருவிரைவு ரயிலில் கிராஞ்சி நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், அனுமதி இலவசம். சரிவில் வரிசையாக வெள்ளைக் கற்கள், 4,400க்கும் மேல். மேலே ஏறினால் 1957ல் திறந்த நினைவு மண்டபம். அதன் சுவர்த் தூண்களில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், உடல் கிடைக்காதவர்களுடையவை. சீக்கியர், டோக்ரா, கர்வால், பஞ்சாப் என்று படைப்பிரிவு படைப்பிரிவாக இந்தியப் பெயர்கள் தூண் தூணாகப் போகின்றன. எரியூட்டப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 800 பேருக்குத் தனியாக ஒரு நினைவிடமும் அங்கே உண்டு.

சயாமுக்குப் போன தோட்டத்துத் தமிழர்களை இந்தச் சுவரில் தேடாதீர்கள். இது ராணுவத்தாருக்கான இடம். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்தவர்களும் இதில் இல்லை. காலையில் எஸ்பிளனேடில் அந்தச் சின்னக் கல்லைப் பார்த்துவிட்டு மாலையில் இங்கே வந்தால், யாரும் எடுத்துச் சொல்லாமலே இது உங்களுக்குத் தெரிந்துவிடும். இங்கே வழிகாட்டியை அழைத்துவர வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

குடும்பத்தில் யாராவது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து மலாயாவில் காணாமல் போயிருந்தால், கிளம்பும் முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். எந்தத் தூண் என்ற எண் வரை அதில் கிடைக்கும். பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் அந்தக் காலத்து ராணுவ எழுத்தர், அதனால் நான்கைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேட வேண்டியிருக்கும். அந்த எண்ணைக் கைபேசியில் அல்லாமல் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள், மேல் வரிசைப் பெயர்களைப் படிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும்.